புது ஹீட்டர் போட்ட வீடு

சமையலறைத் தரையில் தண்ணீர் நின்றிருந்தது. தானேதான் எதையோ கொட்டிவிட்டுத் துடைக்காமல் போய்ப் படுத்துவிட்டோம் என்று முதலில் நினைத்தாள். பழைய துண்டைப் போட்டுக் காலாலேயே இழுத்துத் துடைத்தாள். அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினால், துடைத்த இடம் மறுபடி மினுமினுத்தது. தண்ணீர் பின்பக்கத்து அலமாரிக் கதவின் அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த அலமாரிக்குள்தான் வெந்நீர் டேங்க் இருந்தது.

கதவைத் திறந்து பார்த்தாள். ஏறக்குறைய அவள் உயரத்துக்கு நிற்கும் வெள்ளை டேங்க். அடியில் துரு ஏறிப் பெயிண்ட் உப்பியிருந்தது. தண்ணீர் சொட்டவில்லை. மனிதர்களுக்கு வியர்ப்பது போல டேங்கின் உடம்பெல்லாம் கசிந்து வழிந்தது. கையை வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது.

"உனக்கு இப்பதானா நேரம் கிடைச்சுது?" என்று அதனிடமே கேட்டாள்.

அந்த வீட்டின் முன்னறையில் அவள் பார்லர் நடத்திக்கொண்டிருந்தாள். பெரிய பார்லர் ஒன்றும் இல்லை. ஒரு கண்ணாடி, சாய்கிற நாற்காலி ஒன்று, கழுத்தை வைத்துக்கொள்ளப் பள்ளம் விட்ட பேசின் ஒன்று, காத்திருப்பவர்களுக்கு ஒரு சோபா. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் பார்லர் அக்கா. முடி வெட்டுவதில் அவளைவிடக் கெட்டிக்காரிகள் கடைவீதியில் இருந்தார்கள், அது அவளுக்கே தெரியும். ஆனால் தலை அலசுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வெந்நீரைப் பிடரியிலிருந்து மெதுவாக மேலே ஏற்றுவாள். விரல் நுனியால் காதுக்குப் பின்னால் ஆரம்பித்து உச்சி வரைக்கும் போவாள். பாதிப் பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார்கள். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். "இருக்கற நாலு முடிக்கு இவ்வளவு செலவு பண்றவ இந்த ஊர்ல நான் ஒருத்திதான்" என்பார். அவர் வந்தது முடிக்காக அல்ல, அந்த வெந்நீருக்காக.

வீடு அம்மாவுடையது. கணவன் இறந்த பிறகு அவள் அம்மாவோடு வந்து சேர்ந்தாள். அம்மா படுத்த படுக்கையானதும் வெளியே வேலைக்குப் போக முடியாமல் முன்னறையில் ஆரம்பித்ததுதான் பார்லர். அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். வீடு இப்போது அவளுக்கும் அண்ணனுக்கும் பாதிப் பாதி. அண்ணன் வேறு ஊரில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் மேலாளராக இருந்தான். வீட்டைப் பற்றி அவன் எதுவும் கேட்டதில்லை, அவளும் பேச்சை எடுத்ததில்லை. பேசாமல் இருந்தவரைக்கும் அது அவள் வீடு மாதிரியே இருந்தது.

பிளம்பர் வந்தார். அலமாரிக்குள் தலையை விட்டு, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் ம்ம், ம்ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த 'ம்ம்' அவளுக்குப் பிடிக்கவில்லை. டாக்டர்கள் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே போடுகிற ம்ம் அது.

"அக்கா, இதுல செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. உள்தொட்டி அரிச்சுப் போச்சு. ஒட்டுனாலும் நிக்காது. புதுசுதான் போடணும்."

"புதுசு எவ்வளவு ஆகும்?"

சொன்னார். அவள் மனசுக்குள் கூட்டிக் கழித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள். பல்லைக் கடிக்கவும் அவளுக்கு ஒரு பக்கம்தான் இருந்தது. வலது பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் விழுந்துபோய், பல் கட்டுவதற்காகத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்திருந்தாள்.

"அது ஹீட்டர் விலை மட்டும்க்கா" என்றார் பிளம்பர்.

"மட்டும்னா?"

அவர் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, சுவரைக் காட்டினார். தண்ணீர் வரும் பைப்பும் போகும் பைப்பும் பழைய இரும்பு. ஸ்பேனர் வைத்தாலே உதிர்ந்துவிடும். அதை மாற்றாமல் புது டேங்கை மாட்டினால் ஆறு மாதத்தில் மறுபடி இதே கதை. சேஃப்டி வால்வு இல்லை. இப்போதெல்லாம் அது இல்லாமல் யாரும் மாட்டித் தர மாட்டார்கள். அப்புறம் கரண்ட். இந்த வயர் பழைய ஹீட்டருக்கே திணறியிருக்கும், புதுசைத் தாங்காது. மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். அது அவர் வேலை இல்லை, ஆனால் அவருடைய மச்சான் எலெக்ட்ரீஷியன்.

"குழாயும் கரண்டும் ஒரே குடும்பத்திலேயே வச்சிருக்கீங்க" என்றாள்.

அவர் சிரித்தார். "என்னக்கா பண்றது, ரெண்டு பேரும் சேர்ந்துதானே அலைய வேண்டியிருக்கு. பழச எடுத்துட்டுப் போறதுக்கு மட்டும் நான் காசு கேக்க மாட்டேன். அது என் கணக்கு."

எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகை முதலில் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. பல்லுக்குச் சேர்த்த பணம் அதில் பாதிக்குத்தான் காணும். அவர் தண்ணீரை அடைத்துவிட்டு, டேங்கில் மிச்சமிருந்ததைக் குழாய் போட்டுப் பின்வாசலுக்கு வடித்துவிட்டுப் போனார். வெந்நீர் ஆவி பறக்கக் கொல்லைப் பக்கச் சாக்கடைக்குள் ஓடுவதை அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பகலில் அண்ணனுக்குப் போன் செய்தாள். அண்ணிதான் எடுத்தாள்.

"உங்க அண்ணன் தூங்கறாரும்மா. எழுந்ததும் பேசச் சொல்றேன்."

வேலை நாளில், அதுவும் இந்த நேரத்தில் தூங்குகிறானா? "உடம்பு சரியில்லையா அண்ணி?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. லீவு போட்டிருக்கார்."

அண்ணன் சாயங்காலம் கூப்பிட்டான். முன்பு ஒருமுறை மழையில் கூரை ஒழுகியபோது, அவள் பாதி சொல்வதற்குள்ளேயே "நீ ஆளைக் கூப்பிட்டு வேலையை ஆரம்பி பாப்பா, நான் அனுப்பறேன்" என்றவன் அவன். அம்பதைத் தாண்டியும் அவனுக்கு அவள் பாப்பாதான். இந்த முறை அவள் முழுவதையும் சொல்லி முடித்த பிறகும் மறுமுனையில் சத்தமே இல்லை.

"அண்ணா, இருக்கியா?"

"இருக்கேன். அவ்வளவா ஆகும்? வேற ஆள்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். இவரே தேவலை."

"சரி. பார்க்கலாம். நானே வர்றேன்."

வருகிறேன் என்றவன் உடனே வரவில்லை. அதற்காகப் பார்லரை மூட முடியுமா? அவள் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, பக்கெட்டில் விளாவி, சமையலறையிலிருந்து முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வருகிறவர்களைப் பேசினில் சாயவைத்து மக்கால் மொண்டு ஊற்றினாள். ஒரு தலையை முடிப்பதற்குள் தண்ணீர் ஆறிவிடும். நுரையோடு ஆளைக் காக்கவைத்துவிட்டு மறுபடி சமையலறைக்கு ஓட வேண்டும். சிலிண்டர் கண்ணெதிரே கரைந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. "அக்கா, இன்னைக்கு வெட்டினா மட்டும் போதும்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒருத்தி, அடுத்த வாரம் வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு வரவேயில்லை.

அப்புறம்தான் அது நடந்தது. டீச்சர் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவள் அவசரமாகக் கொண்டுவந்த பக்கெட்டில் விளாவியது போதவில்லை. கையை விட்டுப் பார்த்துத்தான் மொண்டாள். ஆனால் காலையிலிருந்து சூட்டிலேயே கிடந்த கைக்குச் சூடு உறைக்கவில்லை. ஊற்றியதும் டீச்சர் துள்ளி எழுந்தார். கத்தவில்லை. அம்மா என்று மூச்சுக்குள் சொன்னார், அவ்வளவுதான். பிடரியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்துபோயிருந்தது.

அவள் குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து நனைத்து வைத்தாள். "டீச்சர், வாங்க டாக்டர்கிட்ட போயிடலாம். டீச்சர், நான் வேணும்னு…"

"அட, விடும்மா. தோல் உரியல. வேணும்னா பண்ணுவே?" என்று டீச்சர்தான் அவளைத் தேற்றினார். காசையும் வைத்துவிட்டுப் போனார். அவள் எவ்வளவு சொல்லியும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் வழக்கமாக வரும் கிழமையில் டீச்சர் வரவில்லை. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா என்று செருப்பைக்கூட மாட்டினாள். போய் என்ன சொல்வது? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

அண்ணன் வந்தபோது அவள் பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் இரண்டு மூன்று நாள் தாடி. அவன் ஷேவ் செய்யாமல் வாசற்படி தாண்டி அவள் பார்த்ததே கிடையாது. நேராகப் போய் அலமாரியைத் திறந்து டேங்கைப் பார்த்தான். துருவை விரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தான்.

டீ கொடுத்தாள். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"பாப்பா, நான் ஒண்ணு சொல்றேன். தப்பா எடுத்துக்காதே."

"சொல்லு."

"எனக்கு வேலை போயிடுச்சு."

அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். "எப்போ?"

"கோடைக்கு முன்னாடியே. கிடங்கை வேற ஆளுங்க வாங்கிட்டாங்க. புதுசா வந்தவனுக்கு என் பையன் வயசு. உங்க அனுபவத்துக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம்னான். கடமைப்பட்டவன் கைகுலுக்கி அனுப்பிட்டான்."

"ஏண்ணா என்கிட்ட சொல்லலை?"

"சொல்லி? நீ என்ன பண்ணுவே?"

அது உண்மைதான். அவள் என்ன செய்திருப்பாள்? ஒரு பாடு அழுதிருப்பாள்.

"இந்த வயசுல எவன் எடுக்கறான்? ஏறாத படி இல்ல. வீட்டுக்கடன் தவணை ரெண்டு நின்னுபோச்சு. பேங்க்லேருந்து ஆள் வந்துட்டுப் போனான். உங்க அண்ணி வாசல் மணி அடிச்சாலே உள்ளே போயிடறா." அவன் டம்ளரைத் தரையில் வைத்தான். "நீ கூப்பிடலேன்னா இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருப்பேன். இந்த டேங்க் விஷயம் வந்ததும், இனிமே மறைச்சுப் புண்ணியமில்லைன்னு தோணுச்சு. இந்த வீட்டை வித்துடலாம் பாப்பா."

அவள் அலமாரிக் கதவு திறந்தே கிடப்பதைப் பார்த்து, எழுந்து போய் மூடினாள்.

"அப்ப நான் எங்கே போறது?"

"உன் பாதி உனக்கு வருமில்ல?"

"பாதிக்கு என்ன கிடைக்கும்? ஒரு கக்கூஸ்கூட வாங்க முடியாது."

அண்ணனைத் திட்டலாம் என்று பார்த்தாள். அம்மாவுக்கு மலம் அள்ளினது யார் என்று கேட்கலாம். கேட்டால் அவன் தலையைக் குனிந்துகொள்வான், வேறென்ன செய்வான்? தவணை கட்டாமல் போனவனிடம் போய் எதைச் சண்டை போட்டு வாங்குவது? வாய் வரைக்கும் வந்ததை மென்று முழுங்கினாள்.

"அதுவரைக்கும் நான் எப்படிப் பொழைக்கறது? டேங்க் போட்டாகணும் அண்ணா. டீச்சர் கழுத்தைப் பொசுக்கிட்டேன்."

"விக்கப்போற வீட்டுக்கா அவ்வளவு காசு?" என்றவன் சற்று யோசித்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "போட்டா நல்லதுதான். வாங்க வர்றவங்க முதல்ல அதைத்தான் கேப்பாங்க. டேங்க் ஓட்டைன்னு தெரிஞ்சா அதையே சாக்கா வச்சு விலையை அடிச்சுக் கேப்பாங்க." அவன் முகம் சிவந்துவிட்டது. "என்கிட்ட இப்போ ஒத்த காசு கிடையாது. வீடு வித்ததும் அந்த ஹீட்டர் பணத்தை முதல்ல உன் கையில குடுத்துட்டுத்தான் மிச்சத்தைப் பிரிப்பேன். சத்தியமா."

அவள் பல்லுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்தாள். போதாததற்கு வளையலை விற்றாள். பிளம்பரும் மச்சானும் வந்து சேர்ந்தார்கள். பிளம்பர் பயந்தபடியே, ஸ்பேனரை வைத்ததும் பழைய பைப் சுவருக்குள்ளேயே ஒடிந்தது. குளியலறைப் பக்கம் டைல்ஸை உடைக்க வேண்டியதாயிற்று. அதே நிற டைல்ஸ் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. வேறு நிறத்தில் ஒட்டியது, நல்ல சட்டையில் ஒட்டுப்போட்ட மாதிரி துருத்திக்கொண்டு தெரிந்தது. அதற்குத் தனிக் காசு. அவள் இப்போதெல்லாம் ஏன், எதற்கு என்று கேட்பதை விட்டுவிட்டாள். அவர்கள் சொன்னதற்குத் தலையாட்டினாள்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு குளியலறைக் குழாயைத் திறந்தாள். முதலில் காற்று, பிறகு பழுப்புத் தண்ணீர், பிறகு தெளிந்து வந்தது. வெந்நீர். கையை நீட்டினாள். புடவையோடு அப்படியே அடியில் நின்றுவிட்டாள். தலையில், தோளில், இடுப்பில் இறங்கிற்று. இத்தனை நடந்தபிறகும் அது சுகமாக இருந்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அதற்கு மேல்தான் அழுகை வந்தது. அழுததும் வெந்நீரோடு வெந்நீராகப் போயிற்று.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். டீச்சரும் வந்தார், கழுத்தில் லேசாகக் கறுத்திருந்தது. "மகள் வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றார். அது உண்மையா என்று அவள் கேட்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்ததும் டீச்சரின் தோள் இறுகுவதைப் பார்த்தாள். தண்ணீர் பட்டு நெடுநேரம் கழித்துத்தான் அந்தத் தோள் தளர்ந்தது.

புரோக்கர் ஆட்களைக் கூட்டிவர ஆரம்பித்தான். அவன் போட்டிருந்த விளம்பரத்தை அண்ணன் போனில் அவளுக்குக் காட்டினான். காற்றோட்டமான வீடு, பஸ் நிறுத்தம் பக்கத்தில், புது ஹீட்டர், புது வயரிங். அவள் கண்ணில் கடைசி இரண்டும்தான் பட்டன.

ஓர் இளம் தம்பதி வந்த அன்று, அவள் கையில் டீச்சரின் தலை இருந்தது. அந்தப் பெண் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். "ஏங்க, இங்க வந்து பாருங்க, உடனே சூடா வருது!" என்று கணவனைக் கூப்பிட்டாள். அங்கே திறந்ததால் இங்கே பேசினில் தண்ணீர் மெலிந்து போயிற்று.

"ஹீட்டர் புதுசுங்களா?" கணவன் கேட்டான்.

"புதுசுங்க. இப்பதான் போட்டோம்" என்றான் அண்ணன்.

அந்தப் 'போட்டோம்' அவள் காதில் விழுந்தது. அண்ணனும் சொன்ன கையோடு முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் குனிந்து டீச்சரின் காதுக்குள் தண்ணீர் போகாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கண்ணைத் திறந்து அவளைத் தலைகீழாகப் பார்த்தார்.

"வீட்டை விக்கிறீங்களா?"

"ஆமா டீச்சர்."

"நீ?"

"தெரியல டீச்சர்."

டீச்சர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தத் தம்பதியே வாங்கினார்கள். ஹீட்டரையும் வயரிங்கையும் குறை சொல்ல முடியாததால் கூரையைப் பிடித்துக்கொண்டார்கள். ஓடு பழசு, மரம் பழசு என்று பேசிப்பேசி விலையைக் குறைத்தார்கள். ஹீட்டருக்கு அவள் போட்டதைவிட அதிகம் குறைந்தது. பேங்க் கொடுத்த கெடு நெருங்கிவிட்டதால் அண்ணனால் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை. பணம் வந்த அன்று அவன் சொன்னபடி அவள் பங்கோடு ஹீட்டர் காசை எடுத்துத் தனியாக வைத்தான். வைத்தவன் கையை எடுக்கவில்லை. அவன் பங்கு கடனுக்கே சரியாகப் போயிற்று என்பது அவளுக்குத் தெரியும்.

"இருக்கட்டும் அண்ணா. அப்புறம் குடு" என்றாள்.

அவன் வேண்டாம் என்று சொல்வான் என்று ஒரு கணம் எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. பணத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். பொத்தானைப் போட முடியாமல் விரல் தடுமாறிற்று. அவள்தான் எட்டிப் போட்டுவிட்டாள்.

ஒரு மாடி வீட்டில் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. தொழில் எதுவும் நடத்தக்கூடாது என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். பேசினையும் நாற்காலியையும் விற்றுவிட்டுக் கடைவீதியில் ஒரு பெரிய பார்லரில் தலை அலசும் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளிப் பெண்ணுக்கு அவள் வயதில் பாதிகூட இருக்காது. அங்கே வெந்நீருக்குக் குறைவே இல்லை. டீச்சர் வாசல் வரைக்கும் ஒருமுறை வந்து, விலைப்பலகையைப் பார்த்துவிட்டு, அவளுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஒரு நாள் வேலைக்கு நடுவில் போன் அடித்தது. வீட்டை வாங்கிய பெண்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. தண்ணி ரொம்பச் சூடா வருது. குழந்தையைக் குளிப்பாட்ட பயமா இருக்கு. எங்க குறைக்கணும்?"

அவள் நுரைக் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். "அலமாரியைத் திறங்கம்மா. டேங்குக்குக் கீழே சின்னதா ஒரு மூடி இருக்கும். அதை எடுத்தா உள்ள ஒரு திருகு. இடது பக்கமா லேசாத் திருப்புங்க. ரொம்பத் திருப்பிடாதீங்க."

"இருங்க, பாக்கறேன்… ஆங், கிடைச்சுது. ரொம்ப தேங்க்ஸ்க்கா. நல்ல ஹீட்டர்க்கா. மத்ததெல்லாம்தான் இடிச்சுக் கட்டணும்."

"சரிம்மா. குழந்தையைப் பாத்துக்குங்க."

பேசினில் சாய்ந்திருந்த பெண் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "யாருக்கா போன்ல?"

"தெரிஞ்சவங்கதான்" என்று சொல்லிவிட்டு அவள் குழாயைத் திறந்து, தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள்.